நாற்பத்திரண்டாம் கட்டில்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லினன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள்கூட அப்படித்தான். முந்நூறு கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. விரிப்பு, தலையணை உறை, போர்வை, ஆபரேஷன் அறைக்கான பச்சைத் துணி என்று நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் துணிகள் அழுக்காகப் போய்ச் சுத்தமாகத் திரும்புவது அவள் கண்பார்வையில்தான். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு பெரிய அறை. மூன்று பக்கம் அலமாரி, நான்காவது பக்கம் சலவை இயந்திரங்கள். இருபத்து மூன்று வருடமாக அது அவள் ராஜ்ஜியம். ஒரு தலையணை உறை குறைந்தால் எந்த வார்டில் யார் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

நல்ல மனுஷிதான், ஆனால் மறக்கத் தெரியாதவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஸ்டூலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன எலெக்ட்ரிஷியனுக்கு இன்றைக்கும் நைட் டியூட்டிக்குக் கிழிந்த போர்வைதான் கிடைக்கும். அவன் அதற்காக ஸ்வீட் பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டான். பெட்டியை வாங்கிக்கொண்டாள், போர்வையை மாற்றவில்லை.

அப்படிப்பட்டவளை ஒருநாள் நிர்வாக அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"லினன் பிரிவுக்குத் தலைமைப் பதவின்னு ஒண்ணு புதுசா போடறாங்கக்கா. உங்களுக்குத்தான் வரணும்னு எனக்கு ஆசை. ஆனா அதுக்கு ஒரு சான்றிதழ் கேக்கறாங்க."

"இருபத்து மூணு வருஷம் பத்தாதா சார்?"

"அதுல முத்திரை இல்லையேக்கா. முத்திரை குத்தின பேப்பர் ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள. இல்லன்னா டிப்ளமா படிச்ச பொண்ணு ஒருத்திய வெளியிலேருந்து எடுத்துடுவாங்க."

"எடுத்தா, அவளுக்கு வேலை கத்துக் குடுக்கறது யாரு?"

அதிகாரி பேனாவைத் திறந்து மூடினார். பதில் அவளுக்குத் தெரிந்ததுதான். நேற்று வந்தவளுக்கு மூலை மடிப்பிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, அவளையே மேடம் என்று கூப்பிட வேண்டும்.

முத்திரைக்கு எங்கே போவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான், படித்த பள்ளிக்கூடத்திலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. விடுதியில் தங்கிப் படித்தவர்கள் பாடப் புத்தகத்துக்கு வெளியே எத்தனையோ வாழ்க்கைத் திறன்களைக் கற்றுக்கொள்கிறார்களாம். அதை இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லையாம். அதனால் இனிமேல் பழைய மாணவிகளுக்கும் அந்தத் திறன்களுக்காகச் சான்றிதழ் தரப்போகிறார்களாம். நிர்வாக அதிகாரி அறிவிப்பைப் படித்துப் பார்த்து, "பள்ளிக்கூட முத்திரையா? தாராளமா ஒத்துக்குவாங்க" என்றார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அறிவிப்பின் அடியில் ஒரு போட்டோ இருந்தது. பழைய மாணவிகள் சங்கத் தலைவி, ஆளுமைப் பயிற்சியாளர், சான்றிதழ்க் குழுவின் உறுப்பினர். பல் தெரிகிற சிரிப்பு. பக்கத்தில் ஒரு வாசகம்: 'தினமும் காலையில் என் படுக்கையை நானே போட்டேன். என் வெற்றி அங்கேதான் தொடங்கியது.'

அதைப் படித்துவிட்டு அவள் போட்டோவை மறுபடியும் பார்த்தாள். அது நாற்பத்திரண்டு.

விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இவள் நாற்பத்தொன்று, பக்கத்துக் கட்டில் நாற்பத்திரண்டு. ஒரே அறையில் வரிசையாக இரும்புக் கட்டில்கள், நடுவில் நடைபாதை. கட்டில்களின் தலைமாடு சுவரோரம், கால்மாடு நடைபாதைப் பக்கம். ஒவ்வொரு விரிப்பின் ஒரு மூலையிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். படுக்கை போட்டதும் அந்த எண் கால்மாட்டில் வலது மூலையில் தெரிய வேண்டும். வார்டன் காலையில் நடைபாதையில் ஒருதரம் நடந்தால் போதும், எது யாருடைய கட்டில், யார் எப்படிப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். எண் தலைமாட்டுக்குப் போய்விட்டால் அந்த அம்மாள் வாயைத் திறக்கமாட்டாள். மொத்த விரிப்பையும் உருவித் தரையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். இரண்டு தரம் அப்படி ஆனால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. அங்கே படித்தவர்கள் விரிப்பைக் கையில் எடுத்தால் முதலில் எண்ணைத்தான் தேடுவார்கள். லினன் அக்கா தன் வீட்டு விரிப்பில்கூடச் சிவப்பு நூலில் அடையாளம் தைத்து வைத்திருக்கிறாள். "இருக்கறது ரெண்டு பேரு, இதுல யாரு காணாமப் போயிடப் போறா" என்று லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் கேலி செய்வான்.

பதினோரு வயதில் அவளை அங்கே கொண்டுவந்து விட்டது அவள் அப்பா, லாரி டிரைவர். அம்மா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது இடம், பயம், அழுகை. தூக்கத்தில் படுக்கையிலேயே போய்விடும். இருட்டோடு எழுந்து, சத்தமில்லாமல் விரிப்பை உருவி, மெத்தையைத் திருப்பிப் போட்டு, மாற்று விரிப்பை இழுத்து மாட்டி, ஈரத்தைச் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டு போய் அலசிவிடுவாள். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வார்டன் மோப்பம் பிடிக்கவே இல்லை. ஆனால் மூன்றாவது நாளே, அவளைப் போலவே புதிதாகச் சேர்ந்திருந்த நாற்பத்திரண்டு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"பயப்படாத, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். எவ்வளவு தங்கமான பெண் என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை அவள் கைகாலை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னாள். "என் கட்டிலையும் நீயே போட்டுடு. சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

அன்றைக்குத் தொடங்கிய கப்பம் ஐந்து வருடம் நிற்கவில்லை. படுக்கை, பிறகு உள்பாவாடை, பிறகு சாக்ஸ், பிறகு ஷூ. சனிக்கிழமை விரிப்பு மாற்றும் நாள். மகாராணி கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டாள். அதனால் அவளைத் தூக்கம் கலையாமல் ஒருபக்கம் ஒருக்களித்து, பாதி விரிப்பைச் சுருட்டி, புதிதை நுழைத்து, மறுபக்கம் உருட்டி, மீதியை இழுத்து மாட்ட இவள் கற்றுக்கொண்டாள். ஒரு வருடத்திலேயே படுக்கை நனைவது நின்றுபோனது. ஆனால் ரகசியம் ரகசியம்தானே. பதிமூன்று வயதில், பதினைந்து வயதில் அது வெளியே வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாக வேண்டியதுதான் என்று நினைத்தாள். இரண்டு கட்டில் போடுவதைப் பார்க்கிற மற்றவர்கள் இதைச் சிநேகிதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்லதற்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசி வருடம், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் மாணவிக்கென்று ஒரு சுயசார்புப் பதக்கம் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடையேறும் முன் அந்தச் சீருடையை இஸ்திரி போட்டதும் இவள்தான்.

அந்தக் கைதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு கிழவருக்கு அவர் குறட்டை நிற்காமலேயே விரிப்பு மாற்றினாள். தலைமை நர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது சான்றிதழ்ப் படிவத்திலும் அதே கேள்விதான். என்ன திறமை, எங்கே எப்படிக் கற்றீர்கள், கண்ணால் கண்ட சாட்சி யார். சாட்சி அதே அறையில் இருந்தவளாக இருக்க வேண்டும். குழுவின் முன்னால் படிவத்தை உரக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் நடந்த முதல் கூட்டத்தில் ஒருத்தி தினமும் இருநூறு பேருக்குத் தனியாகச் சமைத்ததாக எழுதினாளாம், அவள் தோழி படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அதனால் இந்த விதி.

உரக்கப் படிக்க வேண்டும் என்ற இடத்தை லினன் அக்கா மூன்று தரம் படித்தாள். பிறகு சாட்சி என்ற கட்டத்தில் முதலில் எழுதினாள், 'நாற்பத்திரண்டு' என்று. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் எழுதினாள். முப்பத்தெட்டு வருடம் எந்த வார்த்தை வெளியே வரக்கூடாது என்று உழைத்துத் தேய்ந்தாளோ, அந்த வார்த்தையைத் தானே குண்டு குண்டாக எழுதினாள். அவள் தன் புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை. எழுதி முடித்துக் காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் இரண்டு தரம் படித்தான். பிறகு, "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல" என்றான். அதற்கு மேல் அந்த மனுஷனுக்கு வரவில்லை. காகிதத்தை அவளிடமே திருப்பித் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"ஆனா ஒண்ணு. அந்தம்மா கையெழுத்து போடணும்ல? இதைப் படிச்சா போடுவாளா? நல்லதா ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டு வாயேன். உனக்கு வேலை வேணுமா, பழி வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றாள்.

சனிக்கிழமை முற்பகல். கூட்டம் அந்தப் பழைய அறையிலேயேதான். கட்டில்கள் அதே வரிசையில் இருந்தன, பெயின்ட் மட்டும் புதிது. ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுகளில் பத்துப் பதினொரு பேர், எல்லாம் இவள் காலத்து ஆட்கள். எடை கூடி, கண்ணாடி மாட்டி, தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இளவயதுத் தலைமையாசிரியை. பக்கத்தில் நாற்பத்திரண்டு.

முதலில் போனது பதினேழு, ரயில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளிப்பது அவள் திறமை. சாட்சி அதைப் படித்தபோது பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. தலைமையாசிரியை கைதட்டி, "நீர் மேலாண்மை!" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து இவள். யார் சாட்சி என்று கேட்டார்கள்.

"நாற்பத்திரண்டு. பக்கத்துக் கட்டில்."

"ஏய், நாற்பத்தொண்ணு! நீயா?" நாற்பத்திரண்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். சென்ட் வாசனை ஆளைத் தூக்கியது. "எவ்வளவு வருஷமாச்சுடி! டீச்சர், நாங்க ரெண்டு பேரும் உயிருக்கு உயிரா இருந்தவங்க."

அதைக் கேட்டபோதுதான் லினன் அக்காவுக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. நாற்பத்திரண்டு நடிக்கவில்லை. ஒன்றுமே அவள் நினைவில் இல்லை! இங்கே ஒருத்தி ஒவ்வொரு நாளும் கறுவிக்கொண்டு கிடந்தாள், அங்கே ஒருத்தி மறந்துவிட்டுச் சுகமாகத் தூங்கியிருக்கிறாள். இதற்காகவே இன்னும் நாலு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

நாற்பத்திரண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைக் குரலில் படித்தாள். "திறமை: ஆள் படுத்திருக்கும்போதே, தூக்கம் கலையாமல் விரிப்பு மாற்றுவது. கற்ற விதம்: பதினோரு வயதில் நான் படுக்கையில் சிறுநீர் கழித்துவிடுவேன். வார்டனுக்குத் தெரியாமல் இருட்டில் விரிப்பு மாற்றக் கற்றுக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில்..."

குரல் நின்றுவிட்டது. கண் மட்டும் கீழே ஓடியது.

"படிங்க மேடம்" என்றார் தலைமையாசிரியை.

"பக்கத்துக் கட்டில் தோழியோடு சேர்ந்து, ஒருவருக்கொருவர் உதவியாக..."

"நான் அப்படி எழுதல" என்றாள் லினன் அக்கா. "நாலாவது வரி. எழுதியிருக்கறதப் படி."

நாற்பத்திரண்டின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழியில்லாமல், சந்தையில் விலைபோகாத சரக்கை எடுத்து வைப்பவள் போல ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வைத்தாள். "நாற்பத்திரண்டாம் எண் அதைப் பார்த்துவிட்டு, வெளியே சொல்லாமலிருக்கத் தன் படுக்கையையும் என்னைப் போடச் சொன்னாள். ஐந்து வருடம் போட்டேன். அவள் துணியும் துவைத்தேன். சனிக்கிழமைகளில் அவள் தூங்கும்போதே அவளுக்கு விரிப்பு மாற்றினேன். அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூடத் தன் படுக்கையைத் தானே போட்டதில்லை. சுயசார்புப் பதக்கம் அவளுக்குக் கிடைத்தது."

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "சின்னப் புள்ளைங்க விளையாட்டு டீச்சர் இது. நாங்க மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். நானும் இவளுக்கு எத்தனையோ நாள் போட்டிருக்கேன்."

"அப்போ ஒரு தடவை போட்டுக் காட்டட்டும்" என்றாள் லினன் அக்கா.

தலைமையாசிரியைக்கு இதில் இருந்த விஷம் புரியவில்லை. "செயல்முறைத் தேர்வா! நல்ல யோசனை" என்று அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து நீட்டினார்.

நாற்பத்திரண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். உதறி விரித்தாள். சுருக்கம் எடுத்தாள். நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் அழகாகவே செருகினாள். எத்தனை ஓட்டல்களில் தங்கியிருக்கிறாள், பார்த்திருக்கமாட்டாளா? லினன் அக்காவுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, "போதுமா?" என்றாள் நாற்பத்திரண்டு.

பெஞ்சிலிருந்து யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, நம்பர் தலைமாட்டுல இருக்கு!" என்றது ஒரு குரல்.

இன்னொருத்தி தன்னையறியாமல் எழுந்து கட்டிலுக்கு ஓடிவந்து, விரிப்பை உருவித் திருப்பி, சிவப்பு எண்ணைக் கால்மாட்டில் வலது மூலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைமையாசிரியைக்குக்கூட இப்போது புரிந்துவிட்டது. நாற்பத்திரண்டு என்ன தப்பு என்றே தெரியாமல் விழித்தாள். அந்த விழிப்பைப் பார்க்க லினன் அக்கா முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தாள். ஆற அமரப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு மேஜைக்குப் போய்ப் பேனாவை மூடினாள். "இதுல நான் கையெழுத்து போட மாட்டேன். நான் பாத்ததா எனக்கு ஞாபகமே இல்ல."

"சாட்சி இல்லன்னா சான்றிதழ் தர முடியாதும்மா" என்றார் தலைமையாசிரியை, வருத்தத்தோடு.

பழி கிடைத்தது, பதவி போனது. புருஷன் சொன்னதுதான் நடந்தது. டிப்ளமா படித்த பெண் மூலை மடிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பது கண்முன் வந்து போயிற்று. ஆனாலும் லினன் அக்கா கெஞ்சவில்லை. காகிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நான் போடறேன் டீச்சர்" என்று பதினேழு எழுந்தாள். "நானும் இதே ரூம்தான்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் மட்டுமா? இதோ உக்காந்திருக்காங்களே, எல்லாரும்தான் பாத்தோம்."

லினன் அக்கா திரும்பினாள். "எதை? ரெண்டு கட்டில் போட்டதையா?"

"அதையும்தான். நீ ஈர விரிப்பச் சுருட்டிக்கிட்டு போவியே, அதையும். சேர்ந்த மாசமே எல்லாருக்கும் தெரியும்டி. பாவம், உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பேசாம இருந்தோம்."

பெஞ்சில் நாலைந்து தலைகள் ஆடின, பரிவோடுதான். லினன் அக்கா பக்கத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயமா? அதைக் காப்பாற்றவா ஐந்து வருடம்?

"இவ என்னை மிரட்டினது?"

பதினேழு தரையைப் பார்த்தாள். "அதுவும் தெரியும்."

"ஒருத்தி, ஒரே ஒருத்தி வந்து, எங்களுக்குத் தெரியும், நீ பயப்படாதன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே. ஏன்டி சொல்லல?"

கடைசியில் விரிப்பைத் திருப்பிப் போட்டாளே, அவள்தான் மென்று விழுங்கிச் சொன்னாள். "நீ நிறுத்தியிருந்தா அவ எங்கள்ல யாரையாவது பிடிச்சிருப்பா."

நாற்பத்திரண்டின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. பழியைப் பங்குபோட ஆள் கிடைத்துவிட்டது அல்லவா.

லினன் அக்கா மடித்த காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்து நீவினாள். "வாங்க. எல்லாரும் போடுங்க" என்றாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒன்பது கையெழுத்து. பத்தாவதாக நாற்பத்திரண்டைப் பார்த்து, "இத்தனை பேர் பாத்ததா போட்டாச்சு. நீ போடலன்னா உனக்குத்தான் கேவலம்" என்றாள். அவளும் போட்டாள். தலைமையாசிரியை முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். பதவி அவளுக்குத்தான், இனி யாரும் தடுக்க முடியாது.

அவர் காகிதத்தை நீட்டியபோது லினன் அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்துலயும் அவங்கவங்க கட்டில் நம்பர எழுதச் சொல்லுங்க டீச்சர்."

"படிவத்துல அதுக்கு இடமே இல்லையேம்மா. தேவையும் இல்ல."

"எனக்குத் தேவை இருக்கு. இத்தனை வருஷமா ஒரே ஒரு நம்பர்தான் மனசுல வச்சிருந்தேன்."